புள்ளியக்கா குறைத்த ஒரு ரன்

அண்ணனுக்குக் காது போன வருஷம்தான் தங்கச்சியின் காதுக்குப் பெரிய வேலை வந்து சேர்ந்தது.

எல்லையில் பதினெட்டு நாள் சண்டை நடந்தது. அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் நாள் அவன் லாரிக்குப் பத்தடி தள்ளி ஒரு குண்டு விழுந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காது இரண்டும்தான் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் முதல் வேலையாக ரேடியோவைத் தூக்கிப் பரண்மேல் போட்டான். கிரிக்கெட் வர்ணனை கேட்டே வளர்ந்தவன் அவன். ஆட்டம் இருக்கிற நாளில் சோறு தண்ணி வேண்டாம், ரேடியோ போதும் என்று கிடந்தவன்.

தங்கச்சிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொலைபேசி நிலையத்தில் வேலை. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு காதில் ஊர்க்காரர்கள் கத்துவதையும் மறு காதில் மேற்பார்வையாளர் கத்துவதையும் வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். ஒரு விடுமுறை நாளில் அவள் பரணில் ஏறி ரேடியோவை இறக்கினாள். அண்ணன் முறைத்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி எழுதி அவன் பக்கம் தள்ளினாள்.

"வெளியே போன பந்து. விட்டுட்டார்."

"கால்ல பட்டுச்சு. எல்லாரும் கேட்டாங்க. அம்பயர் தலையை ஆட்டிட்டார்."

பத்தாவது வரியில் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மத்தியானத்துக்குள் அவளுக்கு விரல் வீங்கிவிட்டது. அப்போதுதான் அவன் வாய் திறந்தான். காது போனதிலிருந்து அவன் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"ஏண்டி இவ்வளவு எழுதறே? ரன் இல்லைன்னா ஒரு புள்ளி வை. போதும்!"

அன்றிலிருந்து புள்ளி வைக்க ஆரம்பித்தவள்தான். அந்த ஆட்டம் முடிவதற்குள் வைட், நோபால், பை எல்லாவற்றுக்கும் உரிய குறிகளை அண்ணன் கற்றுக்கொடுத்துவிட்டான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிளப் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுத ஆள் கிடைக்காத காலம் அது. அவுட்டான பையன்கள் அலுத்துக்கொண்டே எழுதுவார்கள், பாதியில் தூங்கியும் போவார்கள். இவள் எழுதிய தாளைப் பார்த்த ஒரு கிளப் கேப்டன், அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்து நின்றான். புள்ளியக்கா என்ற பெயர் அந்த மைதானத்தில் விழுந்தது. பின்னால் அவள் பெரிய ஆட்டங்களுக்கு எழுதப் போனபோது, "இனிமே நீங்க பெரும்புள்ளியக்கா" என்று அதே பையன்கள் கலாட்டா செய்தார்கள்.

அவளுக்கு வாய்த்த கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தார். கிரிக்கெட் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு. "இருபத்திரண்டு பேர் வெயில்ல நிக்கறதுக்கு நீ ஏன் வேர்த்து வழியணும்?" ஆனால் அச்சகத்தில் வெட்டி எறிந்த காகிதங்களைச் சேர்த்து, கட்டம் போட்டு, நூல் கட்டித் தைத்த ஸ்கோர் புத்தகங்கள் அவளுக்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு கோடுகூடக் கோணலாக இருக்காது.

கிரிக்கெட் சங்கம் நடத்திய ஸ்கோரர் தேர்வில் அவள் முதலாவதாக வந்தாள். பெண்ணை எப்படி உட்கார வைப்பது என்று ஆறு மாதம் யோசித்துவிட்டு, வேறு வழியில்லாமல் உட்கார வைத்தார்கள். ஸ்கோரர் அறை பெரிய மைதானத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு நீள மேசை, அம்பயருக்குப் பதில் சொல்ல ஒரு விளக்கு, ஸ்கோர் பலகைக்காரர்களோடு பேச ஒரு போன், தள்ளித் திறக்கிற ஜன்னல். எல்லாம் இருந்தன, பெண்களுக்குக் கழிப்பறை மட்டும் இல்லை. இறங்கிப் போய் வருவதற்குள் மூன்று ஓவர் ஓடிவிடும். அதனால் ஆட்ட நாட்களில் காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதில்லை. ஒன்பது வருஷம் மனு எழுதிப் பார்த்தாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வரும். அவ்வளவுதான்.

சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தச் செய்தி வந்தது. அடுத்த நாட்டு அணி இங்கே ஆட வருகிறது.

அதுவரை இரண்டு நாட்டு அணிகளும் மூன்றாவது நாட்டில்கூட ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பக்கத்து மந்திரிகளும் ஏதோ ஒரு மாநாட்டில் கை குலுக்கியிருந்தார்கள். பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்னால் பந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது போலிருக்கிறது. நாடாளுமன்றத்தில் கூச்சல். தெருவில் ஊர்வலம். ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது யாரோ உள்ளே புகுந்து ஆடுகளத்தில் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போனார்கள். மைதான ஊழியர்கள் பக்கத்தில் புதுக் களம் வெட்டினார்கள்.

"நான் எழுதவா, வேண்டாமா?" புள்ளியக்கா ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் நீட்டினாள்.

அண்ணன் அதை வாங்கிப் படித்தான். அவன் லாரிப் பட்டறை வைத்திருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"வேற எவனாவது எழுதித் தப்பாப் போச்சுன்னா? நீயே எழுது! எனக்கு ஒரு டிக்கெட் எடு!" என்று கத்தினான். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஸ்கோரர் உண்டு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தனித்தனிப் புத்தகத்தில் எழுதி, ஓவருக்கு ஓவர் ஒத்துப்பார்க்க வேண்டும். மைதானத்தில் பதினொருவர் பதினொருவரோடு மோதலாம். மாடியில் இருக்கிற இரண்டு பேர் மட்டும் ஒத்துப்போயே ஆக வேண்டும்.

அடுத்த நாட்டு ஸ்கோரர் ஐம்பது வயது தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு தகர டப்பா நிறையக் கலர் பென்சில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒரு நிறம். புள்ளியக்காவின் கறுப்பு மையைப் பார்த்து அவர் சிரித்தார். அவருடைய வானவில்லைப் பார்த்து அவள் சிரிப்பை அடக்கினாள். எல்லைக் கோடு போட்டவர்கள் நிலத்தைத்தான் இரண்டாக வெட்டியிருந்தார்கள். பேச்சை வெட்ட மறந்துவிட்டார்கள். இருவருக்கும் ஒரே மொழி.

முதல் நாள் தேநீர் இடைவேளையில் அவர் கேட்டார். "என்னம்மா, காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை? எங்களோட உக்காந்து குடிக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அதெல்லாம் இல்லை சார்." பிறகு, சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், மாடியில் எது இல்லை என்பதைச் சொன்னாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. சாயங்காலம் தன் அணி மேலாளரிடம் சொன்னார். மேலாளர் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். மறுநாள் காலை, விருந்தினர் கழிப்பறையின் சாவி ஒரு தட்டில் வைத்து அவள் மேசைக்கு வந்தது.

"ஒன்பது வருஷம் சார். எங்க ஆளுங்ககிட்ட நான் மனு எழுதி எழுதிப் பேனாவே தேஞ்சுபோச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, தட்டுல வருது."

"விருந்தாளி கேட்டா மறுக்க முடியுமா? அடுத்த தடவை நீங்க எங்க ஊருக்கு வாங்க. எங்க பள்ளிக்கூடத்துக்கு நாலு பெஞ்சு வேணும். நீங்க கேளுங்க."

இப்படியாக நாலு நாள் போயிற்று. நடுவில் அவர் சிவப்புப் பென்சில் ஒடிந்து, அவள் கூர் சீவிக் கொடுத்தாள். அவள் கூட்டலில் ஒரு பை ரன் விட்டுப்போய், அவர் சுட்டிக்காட்டினார். கீழே கூட்டம் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் வானத்தைப் பிளந்தது. எதிரணி ஆள் அடித்தால் மயான அமைதி.

ஐந்தாம் நாள். நம் அணி ஜெயிக்க இருநூற்றுப் பத்தொன்பது வேண்டும். ஆறு விக்கெட் போய் நூற்று எழுபது. ஒரு முனையில் இருபது வயதுப் பையன் ஒருவன், முதல் டெஸ்ட், நாற்பத்தெட்டு ரன்னோடு நிற்கிறான். பந்தை ஓரமாகத் தட்டிவிட்டு ஓடினான். ஒன்று. திரும்பி இரண்டாவதும் ஓடினான். ஐம்பது! மைதானமே எழுந்து நின்றது. பையன் பேட்டைத் தூக்கினான். புள்ளியக்கா தலையைக் குனிந்து, '2' என்று எழுதி, ஐம்பதுக்குக் கோடு போட்டாள்.

அவள் தலை குனிந்த அந்த மூச்சு நேரத்தில்தான் அம்பயர் கையை மடக்கித் தன் தோளைத் தொட்டார். ஒரு ரன் குறைவு என்று அதற்குப் பொருள். பையன் திரும்பும்போது பேட் கோட்டைத் தொடவில்லை. பூகோள வாத்தியார் அதைப் பார்த்தார். விளக்கைப் போட்டுப் பதிலும் சொல்லிவிட்டார்.

ஓவர் முடிந்தது.

"நூத்தி எழுபத்திரண்டு," என்றாள் அவள்.

"நூத்தி எழுபத்தொண்ணு," என்றார் அவர். "ஷார்ட் ரன் காட்டினாரே, பாக்கலையா?"

அவள் பார்க்கவில்லை. ஆனால் அவர் பார்த்தாரா, அல்லது அவர் மனசு பார்த்ததா? நாலு நாள் பழக்கத்தில் ஒரு மனிதரை எவ்வளவு தெரிந்துவிடும்?

கதவைத் தள்ளிக்கொண்டு சங்கச் செயலாளர் உள்ளே வந்தார். பலகையில் ஐம்பதைப் பார்த்த பூரிப்பு முகத்தில். விஷயம் தெரிந்ததும் பூரிப்பு ஓடிப்போனது. அவளை மூலைக்குக் கூப்பிட்டு அடிக்குரலில் பேசினார்.

"இது நம்ம மைதானம். உங்க புத்தகம்தான் புத்தகம். ரெண்டுன்னா ரெண்டு. அந்த ஆள் என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும்."

"அம்பயரைக் கேட்டுடலாம் சார்."

"கேட்டு? குறைக்கச் சொன்னா குறைப்பீங்களா? வெளியே எப்படி இருக்குன்னு தெரியுமா? நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல கல்லு விழும்."

"சார், நான் சும்மா நினைச்சு எழுதினா அது ஸ்கோர் இல்லை, கதை. கதை எழுத எனக்கு வராது."

இரண்டு ஓவர் கழித்துத் தண்ணீர் இடைவேளை. தண்ணீர் கொண்டுபோகும் ஆட்டக்காரரிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினாள்: 'ஷார்ட் ரன் உண்டா?' அம்பயர் படித்தார். மாடியை நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் பார்க்கும்படி, மெதுவாக, கையை மடக்கித் தோளைத் தொட்டார்.

புள்ளியக்கா விளக்கைப் போட்டாள். போனை எடுத்தாள்.

"மொத்தத்துல ஒண்ணு, பையன் கணக்குல ஒண்ணு. குறைச்சுடுங்க."

"என்னக்கா சொல்றீங்க?" பலகைக்காரர் அலறினார். "ஐம்பதை நாப்பத்தொன்பதா மாத்தவா? நாங்க உயிரோட வீட்டுக்குப் போக வேணாமா?"

"நானும்தான் போகணும். மாத்துங்க."

பலகையில் தகடு திரும்பியது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மைதானம் மாடியைப் பார்த்துத் திரும்பியது. கத்தல், விசில், வசவு. ஒரு பாட்டில் பறந்து வந்து ஜன்னலுக்குக் கீழே சுவரில் உடைந்தது. பூகோள வாத்தியார் சட்டென்று எழுந்து ஜன்னலை மறைத்து நின்றார்.

"சார், உக்காருங்க. எனக்கு ஆட்டம் தெரியலை," என்றாள் அவள்.

அடுத்த ஓவரிலேயே பையன் அவுட். நாற்பத்தொன்பது. அதோடு நம் ஆட்டம் ஆட்டம் கண்டுவிட்டது. கடைசி விக்கெட் விழுந்தபோது ஒன்பது ரன் பாக்கி.

போலீஸ்காரர்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்கள். வந்த அணி மைதான நடுவில் ஒரு கொத்தாக நின்றது, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாதவர்கள் மாதிரி. அப்போது நிழலே இல்லாத மலிவு டிக்கெட் பகுதியில் யாரோ கைதட்டினார்கள். பத்துப் பேர், நூறு பேர், பிறகு அந்தப் பகுதி முழுக்க. மெல்ல மெல்ல மைதானம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தயங்கித் தயங்கி, மைதானத்தை ஒரு சுற்று நடந்தார்கள்.

அண்ணன் அந்த மலிவுப் பகுதியில்தான் உட்கார்ந்திருந்தான். யார் முதலில் தட்டியது என்று பிறகு புள்ளியக்கா எழுதிக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? சத்தம் கேக்குதா எனக்கு? பக்கத்துல ஒருத்தன் கை அசைஞ்சுது. நானும் தட்டினேன். நல்லாத்தானே ஆடினாங்க!"

அவள் மாடியிலிருந்து இறங்கி வரும்போது பூகோள வாத்தியாரும் கூட வந்தார். வாசலில் அண்ணன் காத்திருந்தான். அவள் இருவரையும் அறிமுகம் செய்தாள். காது எப்படிப் போனது என்று வாத்தியார் கேட்கவில்லை. அண்ணனே சொன்னான், இருந்த முகாமின் பெயரோடு, ஊருக்கே கேட்கும்படி. வாத்தியார் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பச்சைப் பென்சிலால் எழுதி நீட்டினார்.

'என் தங்கச்சி புருஷன் அதே இடத்துல எங்க பக்கம் இருந்தார். திரும்பி வரலை.'

அண்ணன் படித்தான். மறுபடி படித்தான். அவன் முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினான்.

"அவருக்குக் கிரிக்கெட் பிடிக்குமா?"

வாத்தியார் எழுதினார். 'உயிர். சுழற்பந்து போடுவார். ஒரு பந்தும் திரும்பாது.'

அண்ணன் சிரித்துவிட்டான். வாத்தியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புள்ளியக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

அவள் வீட்டு வாசலில் கல் விழவில்லை. ஆனால் தொலைபேசி நிலையத்துக்கு ஒரு வாரம் வசவு வந்தது. "அந்த ரன்காரி இருக்காளா?" என்று கேட்டு, அவளிடமே திட்டுவார்கள். "இணைப்பு கொடுக்கறேன், காத்திருங்க," என்று கம்பியைப் பிடுங்கிவிடுவாள். அதை நிறுத்தியது அந்தப் பையன்தான். பத்திரிகைக்காரர்களிடம் அவன் பட்டென்று சொல்லிவிட்டான். "நான் கோட்டைத் தொடலை. எனக்கே தெரியும். கூட்டம் தட்டுச்சு, கையைத் தூக்கிட்டேன். மாடியில இருந்தவங்க சரியாத்தான் எழுதினாங்க." அதற்குப் பிறகு வந்த போன்களில் பாதி மன்னிப்பு. மீதிப் பாதி எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வருவீர்களா என்ற ரகம். செயலாளர் மட்டும் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர் பதவி போனது. போன பின்பு பேசினார்.

பதில் பயணம் உடனே நடக்கவில்லை. ஒரு தடவை பெட்டி கட்டிய பிறகு எல்லையில் ஏதோ நடந்து ரத்தானது. கட்டிய பெட்டியை அவிழ்த்தபோது கணவர்தான் அதிகமாக வருத்தப்பட்டார். ஐந்தாம் வருஷம் நிஜமாகவே போனார்கள். அணியின் ஸ்கோரராக ஒரு பெண் வெளிநாடு போனது அதுவே முதல் தடவை. ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் தனி விசா கொடுத்தது. ஒரே ஊர், ஏழு நாள், இறங்கியதும் போலீஸ் நிலையத்தில் கையெழுத்து. அண்ணன் வரிசையில் நின்று வாங்கினான். எந்த எல்லையில் லாரி ஓட்டினானோ அதே எல்லையை, ஆட்டச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தாண்டினான்.

அங்கே ஊரில் ஒரு விடுதியிலும் இடமில்லை. அவ்வளவு கூட்டம். வீட்டுக்காரர்களே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, "எங்க வீட்டுக்கு வாங்க, எங்க வீட்டுக்கு வாங்க" என்று வந்தவர்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பூகோள வாத்தியாரின் தங்கச்சி, கணவரை இழந்தவர், தையல் கடை வைத்திருப்பவர், அண்ணனின் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் அவர் பேசாமல் ஒரு சிலேட்டையும் சாக்பீஸையும் எடுத்து வைத்தார். முதல் நாள் இருவரும் மழை, பஸ், டீயில் சர்க்கரை என்று எழுதினார்கள். மூன்றாம் நாள்தான் அந்த அம்மாள் எழுதினார்: 'அங்கே குளிரா இருந்துச்சா?'

அண்ணன் வாயால் பதில் சொன்னான். அந்த இடத்தின் குளிரை, காற்றை, காலையில் மலைமேல் விழும் வெளிச்சத்தை, இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே ஓடையில் தண்ணீர் பிடித்ததை. அந்த அம்மாளுக்கு அதுவரை அதையெல்லாம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வீரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். குளிரைப் பற்றிச் சொன்னவன் இவன் ஒருவன்தான்.

பயணங்கள் அதன் பிறகு இரண்டு தடவை நின்றன, இரண்டு தடவை தொடங்கின. கடிதங்கள் நிற்கவில்லை. புள்ளியக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். ஸ்கோர் எழுதுவது கணினிக்குப் போய்விட்டது. அதையும் அவள் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். கணவர் இப்போதும் இருபத்திரண்டு பேர் ஏன் வெயிலில் நிற்கிறார்கள் என்றுதான் கேட்கிறார்.

இந்த வருஷம் அந்த நாட்டிலிருந்து பெண்கள் அணி வருகிறது. எழுத வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டாள். வாத்தியாரும் தங்கச்சியும் ஆட்டம் பார்க்க வருகிறார்களாம். விசா கிடைத்துவிட்டதென்று நேற்றுத் தகவல் வந்தது. வந்ததிலிருந்து வீட்டில் சண்டை.

"நான்தான் ஸ்டேஷனுக்குப் போவேன்," என்று எழுதிக் காட்டுகிறார் கணவர். "எனக்கு ஆட்டம் கிடையாது, எல்லா நேரமும் என்னுதுதான்."

"நீ போனா வண்டி வந்தது தெரியாமத் தூங்கிடுவே!" என்று அண்ணன் கத்துகிறான். "என் லாரியில கூட்டிட்டு வர்றேன்!"

"லாரியிலயா? அந்த அம்மாளையா?" என்று புள்ளியக்கா தாளில் எழுதி நீட்டினாள்.

அண்ணன் படித்துவிட்டு யோசித்தான். "முன் சீட்டைக் கழுவிடறேன்," என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போனான்.